டிசம்பர் ஆரம்பத்தில் சுவிஸ் மலைகளில் சறுக்கப் பனி இருக்குமா?

நிலாவெளி அலை:

வணக்கம். நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்களுக்கு வேலை குறைவு, லீவு கேட்டால் கிடைப்பதும் அப்போதுதான். மகளுக்கும் மார்கழி விடுமுறை. பேர்ணில் இருக்கும் அக்கா பல வருடங்களாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், இந்த முறை விசாவும் சரிவந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரக் கடைசியில் போய் இறங்குவோம், நத்தாருக்கு முன்பே திரும்ப வேண்டும்.

மகளுக்கு 11 வயது. அவளுடைய ஒரே ஆசை பனிச்சறுக்கு. அக்காவின் மகனைக் கேட்டால், "மாமா, அந்த நேரம் பனி இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை" என்கிறான். இதை நம்பி எப்படிக் காசு கட்டுவது? இணையத்தில் பார்த்தால் ஒவ்வொரு மலையும் தன்னிடம் பனி நிச்சயம் என்றுதான் போட்டிருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அம்மாவும் வருகிறார், வயது 68. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

உப்புவெளியான்:

இவ்வளவு செலவு எதற்கு? ஜனவரி விடிகாலையில் நுவரெலியா போனால் சில நாட்களில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். ஒரு பலகையில் இருத்தி இழுத்துவிடுங்கள், முடிந்தது வேலை.

பாலையூற்றான்:

உப்புவெளியானை விடுங்கள், அவர் எல்லா இழையிலும் இப்படித்தான்.

அலை, நான் தூண் (Thun) என்ற நகரத்துப் பக்கம் இருக்கிறேன், அக்கா வீட்டிலிருந்து ரயிலில் கிட்டத்தான். உங்கள் மருமகன் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். சுவிஸில் பனி இருக்குமா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. எத்தனை மீட்டர் உயரத்தில் என்று கேட்டால் ஓரளவு சொல்லலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு, ஆறரை பாகை குளிர் கூடும். பேர்ண் நகரம் ஏறக்குறைய 540 மீட்டரில் இருக்கிறது. அங்கே 5 பாகையில் மழை தூறினால், 1,300 மீட்டரில் வெப்பநிலை பூச்சியம். அந்தப் பூச்சியக் கோட்டுக்கும் சுமார் 300 மீட்டர் கீழேவரை பனி உருகாமல் வந்து விழும். இங்கே வானிலை அறிக்கையில் பூச்சியப் பாகை எந்த உயரத்தில் என்று தினமும் சொல்வார்கள். நகரத்தின் வெப்பநிலையை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

விழுவது ஒன்று, கிடப்பது இன்னொன்று. ஒக்டோபர், நவம்பரில் நிலத்தில் இன்னும் கோடைச் சூடு மிச்சமிருக்கும். முதல் பனி கீழிருந்தே கரையும். கரையாமல் கிடந்தாலும் புதுப்பனி என்பது பெரும்பாலும் காற்றுத்தான். 30 சென்டிமீட்டர் விழுந்ததைச் சமப்படுத்தும் இயந்திரம் அழுத்திவிட்டால் 10 சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. மாடு மேயும் புல்வெளி என்றால் அழுத்திய பனி 30 சென்டிமீட்டர் இருந்தால் சமாளிக்கலாம். கல்லும் பாறையும் உள்ள சரிவென்றால் அரை மீட்டருக்கு மேல் வேண்டும். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் சீசன் ஆரம்பத்தில் பழைய பலகைகளைத்தான் எடுத்துப் போவார்கள். மெல்லிய பனிக்குக் கீழே இருக்கும் கல் புதுப்பலகையைக் கீறிவிடும்.

டிசம்பர் ஆரம்பத்துக்கு ஓரளவு நம்பக்கூடியவை உயரமான இடங்கள்: செர்மாட், ஸாஸ்-ஃபே, எங்கல்பெர்க் ஊரின் டிட்லிஸ். செர்மாட்டில் மலையில் உறைந்து கிடக்கும் பனியாற்றின் மேல் வருடம் முழுவதும் சறுக்கலாம், மேல் நிலையம் 3,883 மீட்டர். டிட்லிஸின் மேல் நிலையம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலே.

சூரிச் மூதூர்க்காரி:

பாலையூற்றான் அண்ணா சொன்ன அறிவியல் எல்லாம் சரி. ஆனால் முதன்முதலாகச் சறுக்கப் போகும் பிள்ளைக்குச் செர்மாட்டா? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பனியாறு திறந்திருக்கிறது என்பதும், பழகுபவர்களுக்கான இடம் திறந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அவ்வளவு உயரத்தில் டிசம்பரில் மைனஸ் 15 சாதாரணம். காற்று பலமாக வீசினால் லிப்டை நிறுத்திவிடுவார்கள், அன்றைய டிக்கெட் காசோடு உங்கள் நாளும் போய்விடும். பேர்ணிலிருந்து விஸ்ப் போய், அங்கே சின்ன ரயிலுக்கு மாறி, ஊருக்குப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊருக்குள் காரும் போகாது. அப்புறம் கேபிள் கார். பிள்ளை மேலே போய்ச் சேரும்போதே களைத்துவிடும்.

பெரிய மலைகளில் ஒரு நாள் லிப்ட் டிக்கெட் 80 பிராங்கைத் தாண்டிவிடும். பழகும் பிள்ளை முதல் நாள் முழுக்க ஏறி இறங்கப் போவது நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு சின்னச் சரிவில். அதற்கு மலை முழுவதற்கும் டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. பழகும் இடத்துக்கு மட்டும் தனி டிக்கெட் பல ஊர்களில் உண்டு. நகரும் கம்பளம் ஒன்று இருக்கும், அதில் ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விடும். அது ஓடுகிறதா இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லுசேர்ன் கடலோடி:

எல்லோரும் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? 2024 நவம்பரில் எங்கள் லுசேர்ன் நகரத்துக்குள்ளேயே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பஸ் ஓடவில்லை. பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே சறுக்கினார்கள். இயற்கை கொடுத்தால் மலைக்கே போகத் தேவையில்லை.

பாலையூற்றான்:

கடலோடி, மிச்சக் கதையையும் சொல்லுங்கள். சில நாட்களிலேயே தெற்கிலிருந்து சூட்டுக்காற்று அடித்து அவ்வளவும் தண்ணீராக ஓடியது. அந்தக் கிழமை வந்து இறங்கியவர்கள் பார்த்தது சேற்றைத்தான்.

லுசேர்ன் கடலோடி:

அது உண்மைதான். ஆனால் அந்த மூன்று நாளும் சொர்க்கம்!

வாத்தியார் திருமலை:

அந்தச் சூட்டுக்காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இங்கே புவியியல் படிப்பிக்கிறேன், பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காற்று நமக்குப் புதிதல்ல.

நமக்குக் கச்சான் காற்று எப்படி வருகிறது? தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மோதி மேலே ஏறுகிறது, ஈரத்தையெல்லாம் மேற்குப் பக்கம் மழையாகக் கொட்டிவிடுகிறது, பிறகு காய்ந்த காற்றாகக் கிழக்குப் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பாகை சூடேறும். அதனால்தான் ஆடி மாதத்தில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் முகம் எரிகிறது, அங்கே மலையின் மேற்குப் பக்கம் வட்டவளையில் குடை பிடிக்கிறார்கள். அல்ப்ஸில் நடப்பதும் இதுவே. இத்தாலிப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று தெற்குச் சரிவில் மழையையும் பனியையும் இறக்கிவிட்டு, வடக்குப் பள்ளத்தாக்குகளில் காய்ந்த சூட்டுக்காற்றாக இறங்குகிறது. அங்கே அதற்குப் பெயர் ஃபோன். சில மணி நேரத்தில் பத்துப் பாகைகூட ஏற்றிவிடும். காய்ந்த காற்று என்பதால் பனியை உருக்குவதோடு நில்லாமல் நேரடியாக ஆவியாக்கியும் கொண்டுபோகும்.

ஆகவே அலை, முன்னறிவிப்பில் ஃபோன் என்று கண்டால் மலையின் வடக்குப் பக்கத்துக்குப் போகாதீர்கள். அதே நாட்களில் தெற்குப் பக்கத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கலாம்.

நிலாவெளி அலை:

ஐயா, கச்சானைச் சொன்னதும் முழுவதும் விளங்கிவிட்டது.

இன்னொரு கேள்வி. கீழே உள்ள ஊர்களில் இயந்திரத்தால் பனி அடிக்கிறார்களாமே. அப்படியென்றால் பனி விழாவிட்டாலும் பயமில்லைதானே? அதில் சறுக்கினால் வித்தியாசம் தெரியுமா?

வாத்தியார் திருமலை:

இயந்திரம் செய்வது தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாக அழுத்தக் காற்றோடு வீசுவது. அந்தத் துளி நிலத்தைத் தொடும் முன்பே உறைய வேண்டும். எனவே வெளியே போதிய குளிர் இருந்தே ஆக வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர். அது மைனஸ் 2, 3 பாகைக்குக் கீழே போனால்தான் வேலை உருப்படியாக நடக்கும். காற்று காய்ந்திருந்தால் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே அடிக்கலாம், ஈரமாக இருந்தால் இன்னும் குளிர் வேண்டும். ஒரு கிழமை முழுக்க வெளியே 4 பாகை என்றால் எத்தனை இயந்திரம் வைத்திருந்தும் பயனில்லை.

சூரிச் மூதூர்க்காரி:

வித்தியாசம் காலுக்குத் தெரியும். இயந்திரப் பனி இறுக்கமானது, புதுப்பனியைப் போல நான்கைந்து மடங்கு கனம். அதனால் கெதியாக உருகாது. ஆனால் விழுந்தால் நோகும். காலையில் கல்லுப்போல் இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இளகிவிடும். சுவிஸின் சறுக்குப் பாதைகளில் பாதிக்கு மேல் இப்போது இந்த வசதி உண்டு. டிசம்பர் ஆரம்பத்தில் நடுத்தர உயரத்தில் திறந்திருக்கும் பாதைகள் பெரும்பாலும் இதன் புண்ணியத்தில்தான். இரண்டு பக்கமும் பச்சைப்புல், நடுவில் ஒரு வெள்ளைப்பட்டி. படம் எடுக்க வடிவாக இருக்காது. பிள்ளை பழக அது போதும்.

சாம்பல்தீவு சங்கு:

நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சீசன் ஆரம்பத்தில் பனி என்பதே இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையாகிக்கொண்டு வருகிறது. 2022, 2023 இரண்டே வருடத்தில் சுவிஸின் பனியாறுகள் தங்கள் கனவளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2023 புதுவருட தினத்தில் வடமேற்குச் சுவிஸின் டெலெமோனில் 20 பாகை! தாழ்வான இடங்கள் பல அந்தக் கிழமைகளில் பாதைகளை மூடின. அடெல்போடனில் சறுக்கு உலகக் கிண்ணப் போட்டியே பச்சைப்புல்லுக்கு நடுவே போட்ட வெள்ளைப்பட்டியில்தான் நடந்தது. 2022இல் செர்மாட்டிலிருந்து இத்தாலிப் பக்கம் இறங்கும் சறுக்குப் போட்டியைப் பனி போதாதென்று கைவிட்டார்கள். அடுத்த வருடம் அதே போட்டி பனியும் காற்றும் மிஞ்சியதால் நின்றது. நிபுணர்கள் வருடக்கணக்கில் திட்டமிட்டே இப்படி. நாம் இங்கேயிருந்து ஹோட்டல் புக் பண்ணுவது சூதாட்டம்.

லுசேர்ன் கடலோடி:

சங்கு அண்ணா, கால நிலை மாறுவதை யார் மறுத்தது? அதற்காகப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்கிறீர்களா? இங்கே மனிதர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் பாருங்கள். டாவோஸில் போன வருடத்துப் பனியைக் குவித்து, மரத்தூளால் தடிப்பாக மூடிக் கோடை முழுக்கக் காப்பாற்றுகிறார்கள். ஒக்டோபர் கடைசியில் அதைப் பரப்பிச் சமதரையில் சறுக்கி ஓடுபவர்களுக்குப் பாதை போட்டுவிடுவார்கள். 2008இலிருந்து இது நடக்கிறது.

சாம்பல்தீவு சங்கு:

மரத்தூளுக்குள் பனியைப் பொத்தி வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்றுதானே நானும் சொல்கிறேன்?

நிலாவெளி அலை:

இருவரும் சண்டை பிடிக்க வேண்டாம், எனக்கு இரண்டும் உதவுகிறது.

உண்மையில் இதே கதை எங்கள் ஹோட்டலிலும் வருடாவருடம் நடக்கும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் நத்தார் லீவில் வந்து இறங்கி, புறாத்தீவுக்குப் படகு எப்போது என்று கேட்பார்கள். கடல் கொதித்துக்கொண்டிருக்கும், படகெல்லாம் கரையில் ஏற்றியிருக்கும். "இணையத்தில் நீலக்கடல் போட்டிருந்தீர்களே" என்பார்கள். அந்தப் படம் ஜூன் மாதத்தில் எடுத்தது, நாங்கள் என்ன செய்வது? அதனால்தான் மலைக்காரர்களின் படங்களை நான் ஒரு சொட்டும் நம்பவில்லை. எங்களிடம் மீனவரைக் கேட்டால் அன்றைய கடலைச் சொல்லிவிடுவார்கள். அங்கே யாரைக் கேட்பது?

பாலையூற்றான்:

கமராவைக் கேளுங்கள். ஏறக்குறைய எல்லா மலைக்கும் சுற்றிச் சுழலும் நேரலைக் கமரா உண்டு. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று ஒரு கிழமை பார்த்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். உச்சியில் உள்ள கமராவை விடுங்கள், அங்கே எப்போதும் வெள்ளைதான். பழகும் சரிவு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே உள்ள கமராவைப் பாருங்கள்.

பனி அறிக்கையில் இரண்டு அளவு போடுவார்கள், உச்சியில் இவ்வளவு, பள்ளத்தாக்கில் இவ்வளவு என்று. உச்சி அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனை லிப்ட் ஓடுகிறது, எத்தனை கிலோமீட்டர் பாதை திறந்திருக்கிறது, கீழ்நிலையம்வரை சறுக்கி வரலாமா, இவைதான் உண்மை பேசும். டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமும் நாடு முழுவதற்கும் பனி ஆழ வரைபடம் வெளியிடுகிறது. அவர்களுக்கு விற்க எதுவும் இல்லை, அதனால் அதை நம்பலாம்.

இன்னொன்று. நவம்பரில் பல கேபிள் கார்கள் வருடாந்தப் பராமரிப்புக்காக மூடியிருக்கும். கோடைச் சீசன் முடிந்து குளிர்காலச் சீசன் தொடங்கும் இடைவெளி அது. நீங்கள் டிசம்பரில் வருவதால் பெரும்பாலும் தப்பினீர்கள், ஆனாலும் திறக்கும் தேதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பேர்ணில் வந்து இறங்கியதும் வானம் சாம்பலாக, கோப்பிக் கடை வாசல்கூடத் தெரியாமல் இருக்கும். அதைப் பார்த்து மலைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். இந்தக் காலத்தில் சமவெளிக்கு மேல் மூடுபனி போர்த்திக் கிடக்கும், 1,200 மீட்டருக்கு மேல் போனால் பளிச்சென்று வெயில் அடிப்பது அடிக்கடி நடப்பது.

ஓர்ஸ்ஹில் தாதி:

அம்மாவைப் பற்றி யாரும் கதைக்கவில்லையே!

தம்பி, திருகோணமலை கடல் மட்டம். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். கேபிள் காரில் அரை மணி நேரத்தில் ஏறிவிடுவீர்கள், உடம்பு பழக நேரமே இல்லை. நல்ல சுகதேகிக்கே தலையிடியும் மூச்சுவாங்கலும் வரலாம். அம்மாவுக்கு இருதயமோ நுரையீரலோ பிரச்சினை, இரத்த அழுத்தம் ஏதும் இருந்தால் புறப்படும் முன் அவரைப் பார்க்கும் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வந்து இறங்கிய மறுநாளே உச்சிக்கு ஏற்ற வேண்டாம். மெதுவாக நடக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். தலை சுற்றினால் அடக்கிக்கொண்டிருக்காமல் உடனே கீழே இறங்குங்கள். நடு நிலையம் 1,800 மீட்டர் அளவில் இருக்கும் இடமென்றால் அம்மா அங்கேயே ஆறுதலாக இருக்கலாம், பனியும் பார்த்ததாகும்.

கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். நிலாவெளி வெயிலில் கறுக்காதவர் அங்கே ஒரு நாளில் மூக்கு உரிந்து வருவார். உதட்டுக்கும் பூசுங்கள்.

காப்புறுதியையும் பாருங்கள். விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி எடுத்திருப்பீர்கள். அதில் குளிர்கால விளையாட்டு அடங்குமா என்று வாசியுங்கள். பல மலிவான காப்புறுதிகளில் அடங்காது. மலையில் கால் முறிந்தால் ஹெலிகொப்டர்தான் வரும், அந்தச் செலவை நினைத்தால் காலைவிட மனசு நோகும்.

நிலாவெளி அலை:

அக்கா, நல்ல காலம் சொன்னீர்கள். எடுத்துப் பார்த்தேன், சறுக்கு விளையாட்டு இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. மேலதிகமாகக் கட்டிச் சேர்க்கலாம் என்கிறார்கள்.

அப்போ எந்த இடம்? ஒரு முடிவுக்கு வாருங்களேன்.

சூரிச் மூதூர்க்காரி:

என் முடிவு எங்கல்பெர்க். லுசேர்னிலிருந்து ஒரே ரயில், முக்கால் மணி நேரம். ஊர் 1,000 மீட்டர், நடு நிலையம் த்ரூப்ஸே ஏறக்குறைய 1,800, உச்சி 3,000 சொச்சம். ஒரே மலையில் மூன்று காலநிலை. கீழே புல்லாக இருந்தாலும் நடுவில் பனி இருக்கும், நடுவில் இல்லாவிட்டால் உச்சியில் இருக்கும். பிள்ளை பழகலாம், அம்மா நடுவில் இருக்கலாம், ஆசை இருந்தால் சுழலும் கேபிள் காரில் உச்சிக்கும் போகலாம். கிராமத்துக்குள்ளேயே இருக்கும் பழகும் சரிவை மட்டும் நம்பாதீர்கள், அந்த உயரத்தில் டிசம்பர் ஆரம்பம் என்பது அதிர்ஷ்டம்தான்.

முன்கூட்டிக் காசு கட்ட வேண்டாம். நீங்கள் அக்கா வீட்டில்தானே தங்குகிறீர்கள்? அது எவ்வளவு பெரிய வசதி தெரியுமா! ஹோட்டல் எடுத்தவன்தான் குறித்த தேதிக்குப் போயாக வேண்டும். நீங்கள் முதல் நாள் இரவு கமராவையும் முன்னறிவிப்பையும் பார்த்து, சரியென்றால் காலையில் வெளிக்கிடலாம்.

பாலையூற்றான்:

நானும் எங்கல்பெர்க்குக்கே கை தூக்குகிறேன். செர்மாட்டைப் பார்க்க ஆசையென்றால் சறுக்கப் போகாமல் சும்மா போய் மலையைப் பாருங்கள்.

சறுக்குப் பள்ளிகளின் கூட்டு வகுப்புகள் பல இடங்களில் டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகுதான் தொடங்கும். அதற்கு முன் என்றால் தனி ஆசிரியர், அது விலை. உங்கள் மருமகன் இங்கே படித்தவனென்றால் பள்ளிச் சறுக்கு முகாமுக்குப் பெரும்பாலும் போயிருப்பான். அவனையே முதல் மணி நேரத்துக்கு ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள். பலகைகளின் முனையைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து நிற்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

பாதைகளில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மேலிருந்து வருபவர்தான் கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும். பாதையின் நடுவில் நிற்க வேண்டாம், ஓரமாக நில்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே ஒரு அடிகூட வைக்காதீர்கள், படம் எடுக்கவும்தான். சீசன் ஆரம்பத்தில் பனி குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது தவறு. ஒக்டோபரில் விழுந்து நிழல் சரிவில் தங்கிய பழைய பனி, மெல்லியதாகக் கிடந்து கிடந்து சீனிபோல் பிடிப்பற்ற பரல்களாகிவிடும். அதற்கு மேல் நவம்பர், டிசம்பரில் புதுப்பனி கனமாக ஏறினால் முழுவதும் வழுக்கிக்கொண்டு வரும். பனியாற்றிலோ வெடிப்புகளின் மேல் மெல்லிய பனிப்பாலம்தான் மூடியிருக்கும், மிதித்தால் உள்ளே. பனிச்சரிவு ஆபத்தை இங்கே ஐந்து படியாகச் சொல்வார்கள். உயிரிழப்புகளில் பெரும்பகுதி மூன்றாம் படியிலேயே நடக்கிறது, ஏனென்றால் நான்கு என்றால் எல்லோருக்கும் பயம் வந்துவிடும்.

உப்புவெளியான்:

சரி, நானும் ஒரு உருப்படியான கேள்வி கேட்கிறேன். உடுப்புக்கு என்ன செய்வது? இங்கே கம்பளிச் சட்டை வாங்கப் போனால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

சூரிச் மூதூர்க்காரி:

அங்கே எதுவும் வாங்காதீர்கள். இங்கே புரொக்கி என்று பழைய பொருள் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு, பிள்ளைகளின் சறுக்குக் காற்சட்டையும் ஜக்கெட்டும் நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கும். அதற்கு முன் அக்காவிடம் சொல்லி வையுங்கள், தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் வளர்ந்து விட்ட உடுப்பு அலுமாரி நிறையக் கிடக்கும். பலகை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் மலையடிக் கடையில் வாடகைக்கு.

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி பெனியனும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, பிறகு விறைக்கும். மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு போட்டு மேலே காற்று புகாத ஜக்கெட். கையுறை இரண்டு சோடி எடுங்கள், ஒன்று கட்டாயம் நனையும். காலுறை ஒன்றுதான் போட வேண்டும், தடித்தது. குளிருமென்று இரண்டு போட்டால் சப்பாத்துக்குள் இரத்தம் ஓடாமல் இன்னும் விறைக்கும்.

நிலாவெளி அலை:

பேர்ணிலிருந்து எழுதுகிறேன். போய் வந்தாயிற்று, எல்லோருக்கும் நன்றி.

வந்த கிழமை ஃபோன் காற்று அடித்தது. வாத்தியார் ஐயா சொன்னபடி வீட்டிலேயே இருந்தோம், மருமகன் முன்னறிவிப்பைக் காட்டி வாத்தியார் பெரிய ஆள்தான் என்றான். பிறகு வடக்கிலிருந்து குளிர் வந்து இரண்டு இரவு பனி விழுந்தது. மூடுபனிக்குள் ரயில் ஏறி, எங்கல்பெர்க்கில் கேபிள் காரில் போகும்போது திடீரென்று வெயில். கீழே ஊருக்குள் புல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, நடு நிலையத்தில் முழங்கால் வரை பனி. கீழ்நோக்கிய பாதை மூடியிருந்தது, எங்களுக்கு அது தேவையும் இல்லை.

மகள் முதல் ஒரு மணி நேரம் அழுதாள். சப்பாத்து நோகிறதாம். கடையில் மாற்றிக் கொடுத்த பிறகு கம்பளத்தை விட்டு இறங்கவே இல்லை. நானும் பலகை போட்டேன், அதைப் பற்றி எழுத மாட்டேன். அம்மா நடு நிலையத்திலேயே தேநீர்க் கோப்பையோடு வெயிலில் இருந்தார். உச்சிக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "கோணேசர் மலைப் படி ஏறவே எனக்கு மூச்சு வாங்குது, இங்கே எல்லாம் தெரியுது" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு உச்சி லிப்ட் காற்றால் நின்றுவிட்டது, அதனால் நாங்களும் போகவில்லை.

செலவு உண்மையாகவே கூட. வாடகை, பழகும் இடத்து டிக்கெட், கேபிள் கார் என்று கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும், அதுவும் ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது. சாப்பாடு அக்கா கட்டித்தந்த புட்டும் சம்பலும், அதில்தான் கொஞ்சம் மிச்சம் பிடித்தோம்.

கன்னியா வெந்நீர்:

அருமையான இழை, சேமித்துக்கொண்டேன். நாங்கள் ஜனவரி கடைசியில் சூரிச் போகிறோம். அப்போதும் இதே கவலை வேண்டுமா?

சூரிச் மூதூர்க்காரி:

பனியைப் பற்றி என்றால் கவலை மிகவும் குறைவு. ஜனவரி கடைசிக்குள் 1,500 மீட்டருக்கு மேல் அடித்தளம் பிடித்திருக்கும், வகுப்புகளும் எல்லா இடத்திலும் ஓடும். பெப்ரவரியில் பள்ளிகளுக்கு விளையாட்டு விடுமுறை, மாநிலத்துக்கு மாநிலம் தேதி மாறும், அந்தக் கிழமைகளில் சனமும் விலையும் ஏறிவிடும். அதற்கு முன்பே போய்விடுங்கள். லிப்ட் டிக்கெட் பல இடங்களில் விமான டிக்கெட் மாதிரித்தான், முந்தி எடுத்தால் மலிவு. ஆனால் காலநிலை பார்க்காமல் முந்தி எடுக்க வேண்டாம். அந்த இரண்டுக்கும் நடுவில் எப்போது எடுப்பது என்பது எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.

கன்னியா வெந்நீர்:

சரி அக்கா, ஜனவரி தொடங்கியதும் கமரா பார்க்க ஆரம்பிக்கிறேன். தேதி பொருந்தினால் தனிமடல் போடுகிறேன்.